புகைக்கொடியின் பொருள் தேடிய வைணு பாப்பு

வானில் வால்மீன் தோன்றினால் மழை பொய்க்கும், மன்னன் மாய்வான் என்று உலகம் நெடுங்காலம் அஞ்சியிருந்தது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் அது புகைக்கொடி என்னும் பெயரால் குறிக்கப்படுகிறது. அத்தகைய தீக்குறிகள் தோன்றினும் காவிரி வற்றாது என்று சொல்ல வந்த இடத்தில் இளங்கோவடிகள் அப்பெயரை ஆள்கிறார். புகை என்பதும் கொடி என்பதும் கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தைச் சொல்லும் சொற்கள். அப்புகை எப்பொருளின் புகை என்னும் வினாவுக்கு விடை கிடைக்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

1910ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் வந்தபோது அதன் வாலில் சயனோஜன் என்னும் நச்சு வாயு இருப்பதாகச் செய்தி பரவிற்று. மேலைநாடுகளில் மக்கள் கதவிடுக்குகளை அடைத்துக்கொண்டனர். வால்மீன் மாத்திரை என்று விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு. அவ்வேளையில் புதுவையிலிருந்த பாரதி, சாதாரண வருஷத்துத் தூமகேது என்னும் பாடலை எழுதினார். எட்டயபுரத்துக் கரிசல் மண்ணில் பிறந்த அக்கவிஞர், அவ்வாலின் வாயு மிக மெல்லியது, அதனால் எவருக்கும் தீங்கில்லை என்னும் அறிவியல் செய்தியைப் பாட்டிலேயே வைத்துவிட்டார். அன்றைய செய்தித்தாள்கள் பலவற்றிலும் காணக் கிடைக்காத தெளிவு அது. அதே காலத்தில் கோடைக்கானல் மலையில் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர் வால்மீன்களின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் புகைப்படத் தகடுகளில் பதித்துக்கொண்டிருந்தார். 1907இல் வந்த டானியல் வால்மீனின் நிறமாலையையும் அவர் படமெடுத்திருக்கிறார். ஆகவே வால்மீனின் வேதியியல் தமிழகத்திற்கு அயலான செய்தியன்று. எவர்ஷெட் விட்டுச்சென்ற அந்தக் கூடத்திற்கு, அரை நூற்றாண்டு கழித்துத் தலைவராக வந்தவரே மணலி கல்லாட் வைணு பாப்பு.

பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். முன்னோர் மலையாளக் கரையைச் சேர்ந்த தலைச்சேரியினர். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்தார். பெற்றோருக்கு இவர் ஒரே மகன். விண்மீன்களின் இருப்பிடங்களைத் தகடு தகடாக அளந்து அட்டவணையாக்கும் பன்னாட்டுப் பணியில் அக்கூடமும் பங்கேற்றிருந்தது. பிற பிள்ளைகள் பம்பரத்தோடும் பட்டத்தோடும் வளரும் பருவத்தில் தொலைநோக்கியோடு வளரும் பேறு இவருக்கு வாய்த்தது. நிஜாம் கல்லூரியில் பயிலும்போதே ஒளிமாறும் விண்மீன்களை நோக்கிக் குறிப்புகள் எழுதி வெளியிட்டார். ஹைதராபாத் மண்ணின் உருதுக் கவிதையும் இவரைப் பற்றிக்கொண்டது. கவிதை, ஓவியம், தோட்டக்கலை ஆகியவற்றில் கடைசிவரை ஈடுபாடு குன்றாதவராகவே இருந்தார்.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று 1949இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். சில மாதங்களே கழிந்திருந்தன. ஜூலை 2ஆம் நாள், வேறொரு நோக்கத்துக்காக எடுக்கப்பட்ட வான்படத் தகடு ஒன்றை ஆராய்கையில், அட்டவணையில் இல்லாத ஒளிக்கீற்று ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆசிரியர் பார்ட் பாக், உடன் பயின்ற கார்டன் நியூகர்க் ஆகியோருடன் சேர்ந்து அது புதிய வால்மீனே என உறுதி செய்தார். மூவர் பெயரும் சேர்ந்து அது பாப்பு–பாக்–நியூகர்க் வால்மீன் ஆயிற்று. பசிபிக் வானியல் கழகம் டொனஹோ பதக்கம் அளித்தது. இருபத்திரண்டு வயது நிரம்பாத இந்திய இளைஞர் ஒருவரின் பெயர் வானில் ஏறியது என்று இங்கே பத்திரிகைகள் மகிழ்ந்தன. அறிவியல் நோக்கில் அது நற்பேறு, அவ்வளவே. தகட்டைக் கூர்ந்து பார்க்கும் கண் வேண்டும் என்பது மெய்தான். ஆனால் அவருடைய பெருமை அதற்குப் பின்பு அவர் செய்தவற்றில் இருக்கிறது.

அவர் ஹார்வர்டில் பயின்ற காலமே வால்மீன் ஆய்வின் திருப்புமுனைக் காலமாக அமைந்தது. 1950இல் அதே பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் விப்பிள், வால்மீனின் கரு என்பது நீர்ப்பனியும் பிற உறைபொருள்களும் தூசியும் கலந்து இறுகிய கட்டி என்னும் மாதிரியை வெளியிட்டார். அதற்கு முன்பு அதனைத் தளர்ந்த மணற்குவியல் என்றே பலரும் கருதினர். அதே ஆண்டில் ஹாலந்தின் யான் ஊர்ட், கதிரவன் குடும்பத்தின் தொலைவிளிம்பில் எண்ணற்ற வால்மீன்கள் உறைந்து கிடக்கின்றன என்று கணித்தார். மறு ஆண்டில் ஜெர்மனியின் லுட்விக் பியர்மன், வாயு வால் எப்போதும் கதிரவனுக்கு எதிர்த்திசையில் நீள்வதற்குக் கதிரவனிலிருந்து ஓயாது வீசும் துகட்காற்றே காரணம் என்றார். வால்மீனை அறிவது கதிரவன் குடும்பம் பிறந்த காலத்துப் பொருளை அறிவதாகும் என்னும் எண்ணம் அக்காலத்தில்தான் வேரூன்றியது.

1952இல் முனைவர் பட்டம் பெற்றபின் கார்னகி நிறுவனத்தின் ஆய்வு நல்கையில் கலிபோர்னியா சென்றார். அங்கு ஆலின் வில்சனுடன் இணைந்து கண்ட உண்மை 1957இல் வெளியாகி வில்சன்–பாப்பு விளைவு என இருவர் பெயராலும் நிலைத்தது. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் காட்டும் ஓர் ஒளிக்கோட்டின் அகலத்தை அளந்தால், அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வையும் அதன்வழி அதன் தொலைவையும் சொல்லிவிடலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலுள்ள அதே கால்சியம்தான் அங்கே விண்மீனின் தூரம் சொல்லும் அளவுகோலாகிறது. வானியல் பாடநூல்களில் பாப்புவின் பெயர் இன்றும் நிற்பது இவ்விளைவினால்தான்.

ஒளியைக் கொண்டு பொருளை அறிவது எங்ஙனம் என்பதைக் காரியாபட்டி வட்டாரத்தாருக்கு விளக்குவது கடினமன்று. தென்மேற்கே சிவகாசியில் மத்தாப்புக்கு மருந்து கலப்போர் நாளும் செய்வது அதுவே. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, நீலத்துக்குச் செம்பு, மஞ்சளுக்குச் சோடியம். பச்சைக்குப் பேரியம், 2018இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்கும்வரை. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் மட்டுமே ஒளிரும். ஆகவே நிறத்தைக் கண்டு மருந்தைச் சொல்லலாம். கதிரவனை மிக நெருங்கும் வால்மீனில் இவ்வுண்மை கண்கூடாகும். 1965 அக்டோபரில் இகேயா–செக்கி வால்மீன் கதிரவனின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ நான்கரை இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது, அதன் தூசியும் ஆவியாகி இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவற்றின் கோடுகள் நிறமாலையில் தோன்றின.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மத்தாப்பு தன் சூட்டால் ஒளிர்கிறது. வால்மீனின் வாயுவோ பெரும்பாலும் குளிர்ந்தது. கதிரவனின் ஒளியை வாங்கித் தன் நிறத்தில் திருப்பித் தருகிறது. எனவே ஓர் அணுவோ மூலக்கூறோ ஒரு நொடியில் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதைக் கணித்துவிட்டால், மொத்த ஒளியை அளந்து அங்கே எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று எண்ணிவிடலாம்.

எண்ணிய பின்பும் சிக்கல் தீர்வதில்லை. நிறமாலையில் தெரிபவை சயனோஜன், இரட்டைக் கார்பன், மும்மைக் கார்பன் போன்றவை. இவற்றுள் எதுவும் பனிக்கட்டியில் இவ்வடிவில் உறைந்திருந்ததன்று. உறைந்திருந்த பெரிய மூலக்கூறு ஆவியாகி வெளிவந்து, கதிரவனின் புறஊதாக் கதிர்பட்டு உடைந்ததனால் எஞ்சிய துண்டுகள் இவை. தாய் மறைந்துவிட்டது, சேய் மட்டும் காட்சி தருகிறது. செல்லரித்த ஏட்டுச்சுவடியில் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு முழுப்பாட்டை மீட்க முயலும் பதிப்பாசிரியரின் நிலைதான் வால்மீன் வேதியியலாரின் நிலையும். எங்கெங்கே எவ்வெழுத்து விழுந்திருக்கும் என்பதற்கு யாப்பு துணை செய்வதுபோல இங்கே கணித மாதிரி துணை செய்கிறது. 1957இல் பெல்ஜியத்தில் ஹேசர் வகுத்த மாதிரி அத்தகையது. கருவிலிருந்து மூலக்கூறுகள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் விரிகின்றன. தாய் குறிப்பிட்ட தொலைவு சென்றதும் உடைகிறது, சேய் இன்னும் சிறிது தொலைவு சென்று தானும் உடைகிறது என்று அது கொள்கிறது. அத்தொலைவு பல்லாயிரம் கிலோமீட்டர். தலையின் நடுவிலிருந்து விளிம்புவரை ஒளி எவ்வாறு குறைகிறது என்று அளந்து இம்மாதிரியோடு ஒப்பிட்டால், கண்ணுக்குத் தெரியாத தாய் எது, நொடிக்கு எவ்வளவு ஆவியாகிறது என்று மதிப்பிட வழி பிறக்கிறது.

ஆனால் ஒருநாள் அளவீடு இதற்குப் போதாது. வால்மீன் கதிரவனை நெருங்க நெருங்க வெப்பம் மிகும், ஆவியாதல் மிகும், உடைவும் விரைவுபடும். வரும்போதும் போகும்போதும் பல இரவுகள் தொடர்ந்து அளந்தால்தான் மாதிரி மெய்யா பொய்யா என்பது தெளிவாகும். வால்மீனோ பெரும்பாலும் அந்தியிலோ விடியலிலோ அடிவானத்தை ஒட்டிச் சற்றுநேரமே நிற்கும். பிறநாட்டுத் தொலைநோக்கியில் ஓரிரவு இரந்து பெற்று இவ்வாய்வைச் செய்ய இயலாது. சொந்தமாகக் கூடம் வேண்டும், தெளிந்த வானம் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நிலத்தில் வைகறையும் அந்தியும் குறுகியவை. கதிரவனை ஒட்டி நிற்கும் வால்மீனும் அடிவானத்தினின்று செங்குத்தாக உயர்ந்து, இருண்ட வானில் அகப்படும். தமிழகத்தின் இடம் அதற்கு ஏற்றது. இல்லாதது கருவி.

பாப்பு 1953இல் நாடு திரும்பினார். அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் உலகின் மிகப்பெரிய தொலைநோக்கிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். இங்கு வந்தவர் உத்தரப் பிரதேச அரசின் புதிய வானாய்வுக் கூடத்திற்குத் தலைமை ஏற்று, அதனைக் காசியிலிருந்து நைனிதால் மலைக்கு மாற்றி, வேரூன்றச் செய்தார். 1960இல் கோடைக்கானல் கூடத்தின் இயக்குநர் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

கோடைக்கானல் கதிரவனுக்கென்றே அமைந்த கூடம். 1792இல் தொடங்கிய சென்னை வானாய்வுக் கூடத்தின் வழிவந்தது. 1899 முதல் அம்மலையில் இயங்குவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கால்சியம் ஒளியில் கதிரவனை நாள்தோறும் படமெடுத்து வந்தது. பகலில் அவ்விடம் சிறந்தது. இரவு வானியலுக்கோ மலையின் மேகமும் மூடுபனியும் பெருந்தடை. பாப்பு தென்னாட்டு மலைகள் பலவற்றையும் ஆராய்ந்து, வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தார். இன்று அது திருப்பத்தூர் மாவட்டம். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, நகர விளக்குகளின் தொல்லை இல்லை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகை என்பதால் வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் ஒருங்கே தெரியும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் கருவிகள் போர்த்திக் கிடக்க வேண்டியதுதான்.

1968இல் அங்கே முதலில் நிறுவப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி கோடைக்கானல் பட்டறையிலேயே உருவானது. விலைக்கு வாங்கும் கருவியால் ஆய்வு நடக்கும், செய்யும் கருவியால் ஆய்வாளர் தலைமுறையும் தொழிலறிந்தோர் தலைமுறையும் உருவாகும் என்பது பாப்புவின் உறுதி. 1972இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அமெரிக்கர் விமானத்திலிருந்து கண்டு முதலில் அறிவித்த வளையங்களின் தடயம் காவலூர்க் கருவியிலும் பதிவாயிற்று.

வால்மீன் ஆய்வும் இடையறாது நடந்தது. 1969இல் கே. ஆர். சிவராமனும் பாப்புவும் இணைந்து, வால்மீன்களின் தலையில் எழும் சோடிய ஒளியைக் கொண்டு கதிரவனின் துகட்காற்றின் இயல்பை உய்த்தறியும் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். வேதியியலைத் துருவிச் சென்று கதிரவனையே அளக்க முயன்ற முறை அது. 1976 பிப்ரவரி இறுதியில் வெஸ்ட் வால்மீன் கதிரவனைச் சுற்றித் திரும்பி, கரு நான்காகப் பிளந்து, மார்ச் மாத விடியல் வானில் பேரழகோடு நின்றது. காவலூரில் பாப்புவும் அவர் குழுவினரும் சயனோஜன், கார்பன் முதலிய பட்டைகளின் ஒளியையும், தூசி சிதறடிக்கும் வெண்ணொளியையும் வடிகட்டிகளால் தனித்தனியே பிரித்து, ஒளிமின் கருவியால் அளந்தனர். வால்மீன் கதிரவனைவிட்டு விலக விலக ஒவ்வொன்றும் எவ்வாறு மங்குகிறது என்பதே அவர்கள் தேடிய செய்தி. அவ்வளவீடுகள் 1979இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் வெளியாயின. மாதிரியைத் தீட்டுவோர் வேறு நாட்டினராக இருக்கலாம். அதைச் சோதிக்கும் உரைகல்லில் ஒன்று ஜவ்வாது மலையில் கிடைத்தது.

வால்மீன் வேதியியலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் அல்லர் பாப்பு. அவர் எழுதியவற்றுள் விண்மீன்களும் கதிரவனுமே மிகுதி. அதனினும் மிகுதியாக அவர் நேரத்தைத் தின்றவை கோப்புகள், ஒப்பந்தப் புள்ளிகள், சாலை, மின்சாரம், தண்ணீர். 1971இல் கோடைக்கானல் கூடம் தன்னாட்சி பெற்று இந்திய வான்இயற்பியல் நிறுவனமாகியது. அவரே முதல் இயக்குநர். எழுதியிருக்கக்கூடிய கட்டுரைகளை எழுதாமல் விட்டுப் பிறர் எழுதுவதற்கு இடம் கட்டினார். இது இழப்பா ஈட்டமா என்று கணக்கிட முனைவோர் உண்டு. ஓர் இலக்கிய அமைப்பைப் பத்தாண்டு நடத்தியவர்க்கு அக்கணக்கின் கடினம் புரியும். கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர் எழுதாமற்போன கவிதைகள் எத்தனை என்று யாரால் சொல்ல முடியும்?

1970இல் பட்நாகர் பரிசும் 1981இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. 1979இல் மான்ட்ரியல் நகரில் கூடிய உலக வானியல் ஒன்றியம் அவரைத் தலைவராகத் தேர்ந்தது. அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவர். அந்நாட்களில் அவர் நெஞ்சை நிறைத்திருந்ததோ 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் ஆடியைப் பெங்களூரில் இந்தியக் கைகளே தேய்த்து மெருகிட வேண்டும், சட்டகத்தை வால்சந்த்நகர்ப் பட்டறை வார்த்துத் தர வேண்டும் என்று திட்டமிட்டார். இறக்குமதி செய்தால் காலம் மிச்சமாகும் என்பதை அறியாதவர் அல்லர். தமக்குக் காலம் மிச்சமில்லை என்பதைத்தான் அறியாதிருந்தார்.

1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டுப் பட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் பேரவை கூடியது. தலைமையேற்க வேண்டிய பாப்பு ஜெர்மனியின் மூனிக் நகர மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆகஸ்டு 19ஆம் நாள் உயிர் நீத்தார். ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. பேரவை நடந்துகொண்டிருக்கையிலேயே தலைவரின் மறைவுச் செய்தி அங்கு எட்டியது.

ஒன்றியத்தின் அடுத்த பேரவை 1985 நவம்பரில் புதுதில்லியில் கூடியது. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரின் பெரிய தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்து, கூடத்துக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். ஹாலி வால்மீன் அப்போது கதிரவனை நெருங்கிக்கொண்டிருந்தது. மார்ச் 14ஆம் நாள் ஐரோப்பியரின் ஜியோட்டோ விண்கலம் அதன் கருவை ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர் தொலைவில் கடந்து, கரியினும் கரிய மேலோட்டையும், வெளியேறும் வாயுவில் ஐந்தில் நான்கு பங்கு நீராவியே என்பதையும் கண்டது. விப்பிளின் பனிக்கட்டி மெய்யாயிற்று. முப்பதாண்டு கழித்து ரொசெட்டா கலம் வேறொரு வால்மீனின் வாயுவில் கிளைசின் என்னும் அமினோ அமிலத்தையே கண்டறிந்தது. 2016இல் அச்செய்தி வெளியாயிற்று. துண்டுகளைக் கொண்டு ஊகித்த தாய் மூலக்கூறுகளை அருகிருந்தே எடைபோடும் காலம் வந்துவிட்டது.

1986 ஏப்ரல் 11ஆம் நாள் ஹாலி பூமிக்கு மிக அருகில் வந்தபோது தென்வானில் வெகுதொலைவு இறங்கியிருந்தது. நைனிதாலிலிருந்து பார்ப்போர்க்கு அது அடிவானத்துக்கு மேல் பதினான்கு பாகைகூட எழவில்லை. மலைமுகடும் புழுதிப்படலமும் மறைக்கும் உயரம் அது. ஜவ்வாது மலைக்கு மேலே ஏறத்தாழ முப்பது பாகை உயரத்தில் நின்றது.